டீம் லீடர் தேவை: உள்ளே இருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா?

நாங்கள் ஏழு பேராக இருந்தவரை எனக்குச் சிரமம் தெரியவில்லை. பன்னிரண்டு பேர் ஆனதும் மூச்சு முட்ட ஆரம்பித்தது. காலையில் கணினியைத் திறப்பதற்குள் மேஜைக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இன்னொருவர். "ஒரே நிமிஷம் சார்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். மாலையில் திரும்பிப் பார்த்தால், அன்று நான் செய்ய நினைத்த வேலையில் ஒன்றுகூட நகர்ந்திருக்காது.

கணக்கு எளிதுதான். ஏழு பேர் இருந்தால் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 21. பன்னிரண்டு பேர் என்றால் 66. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பேச்சோ மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. அத்தனை பேச்சும் ஒரே மேஜை வழியாகப் போனால் அந்த மேஜையில்தான் அடைப்பு. டீம் லீடர் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில். இது நமக்குப் புரிவதற்குள் கொஞ்சம் நாள் ஓடிவிடுகிறது. அதனால் அவசரத்தில் தேடுகிறோம், அவசரத்தில் முடிவெடுக்கிறோம். நானும் அப்படித்தான் எடுத்தேன், தப்பாகவே எடுத்தேன்.

வழிகள் சில உண்டு. உள்ளே இருப்பவரை உயர்த்தலாம். வெளியிலிருந்து எடுக்கலாம். லீடரே இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். அனுபவசாலி ஒருவரைச் சில மாதங்களுக்கு மட்டும் அமர்த்தலாம். ஒவ்வொன்றிலும் என்ன லாபம் என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: இது சரிப்படாமல் போனால் யார் யாரை இழப்போம்? திரும்பி வர வழி இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இங்கே எல்லா வழிகளையும் எடைபோடுகிறேன்.

முதலில் ஒரு வாரம் எழுதுங்கள்

யாரையும் தேடும் முன், ஒரு வாரம் உங்களிடம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், அவ்வளவு போதும். நான் இதைச் செய்தது முதல் முயற்சி தோற்ற பிறகு. முன்பே செய்திருக்க வேண்டும்.

வாரக் கடைசியில் பார்த்தால் கேள்விகள் தாமாகவே மூன்றாகப் பிரியும். "இதை எப்படிச் செய்வது?" என்பது ஒரு வகை. "இந்த இரண்டில் எதை முதலில் முடிப்பது?" என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வியாகவே வராது. "அவர் அனுப்ப வேண்டிய ஃபைல் இன்னும் வரல சார்" என்று புகாராக வரும்.

முதல் வகைதான் அதிகம் என்றால் லீடரைத் தேட வேண்டாம். வேலையைப் படிப்படியாக எழுதி வைத்து, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க மூத்தவர் ஒருவருக்கு நேரம் ஒதுக்கித் தந்தாலே போதும். இரண்டாவது அதிகம் என்றால், வேலையை வரிசைப்படுத்தி, வாடிக்கையாளரிடம் "இன்று முடியாது, நாளை மறுநாள் தருகிறோம்" என்று சொல்லத் துணிந்தவர் வேண்டும். மூன்றாவது குவிந்திருந்தால் மனிதர்களைக் கையாளத் தெரிந்தவர் வேண்டும். அவருக்கு வேலை நுணுக்கம் ஒரு படி குறைந்திருந்தாலும் பரவாயில்லை. என் நோட்டில் பாதிக்கு மேல் மூன்றாவது வகைதான். நானோ அலுவலகத்திலேயே வேலை நுணுக்கத்தில் கெட்டிக்காரரை லீடராக்கி முடித்திருந்தேன்.

உள்ளே இருப்பவரை உயர்த்துவது

எங்கள் வேலை, வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் நிறுவிக் கொடுப்பது, பழுது வந்தால் சரிசெய்து தருவது. மற்றவர்கள் அரை நாள் போராடும் பழுதை அரை மணியில் பிடித்துவிடும் ஒருவர் எங்களிடம் இருந்தார். நான்கு வருடமாக என்னோடு இருந்தவர். அவரை விட்டுவிட்டு வேறு யாரை லீடராக்குவது? சம்பளத்தை உயர்த்தி, எல்லோரையும் கூப்பிட்டு அறிவித்தேன். கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். திரையில் இருந்தது அவருடைய வேலை இல்லை. காலையில் புதுப் பையனிடம் ஒப்படைத்த வேலை.

"இது தம்பிகிட்ட கொடுத்ததுதானே?" என்றேன்.

"ஆமா சார். நான் பண்ணா அரை மணி நேரம். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தா ரெண்டு மணி நேரம். கஸ்டமர் காத்துட்டு இருக்காங்க."

"நாளைக்கும் இதே மாதிரி வந்தா?"

"நானே பாத்துக்கறேன் சார்."

அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்தப் பையன் அன்றும் எதுவும் கற்கவில்லை, மறுநாளும் கற்கவில்லை. எல்லோருடைய வேலையும் ஒவ்வொன்றாக அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அடைப்பு என் மேஜையிலிருந்து அவர் மேஜைக்கு இடம் மாறியதுதான் மிச்சம். ஐந்தாவது மாதம் ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்றார். பழைய வேலைக்கே திரும்பிவிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "எல்லார் முன்னாடியும் லீடர்னு சொல்லிட்டு இப்ப எப்படி சார்?" என்றார். லீடரும் போனார், என்னிடம் இருந்ததிலேயே கைதேர்ந்த ஆளும் போனார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இறங்கி வரப் படி வைக்காமல் ஏற்றிவிட்டது நான்தான்.

இது என் ஒருவன் கதை அல்ல. ஒரு வேலையில் சிறந்தவரை அடுத்த படிக்கு ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் தன்னால் செய்ய முடியாத வேலையில் போய் நிற்பார் என்று லாரன்ஸ் பீட்டர் 1969-லேயே சொன்னார். இன்றும் அது அவர் பெயரால் பீட்டர் விதி என்றே வழங்குகிறது. 2019-இல் ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை எடுத்துப் பார்த்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கே மேலாளர் பதவி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஆனால் அப்படி உயர்ந்தவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: தனியாக விற்றவர்களைவிட, சக ஊழியர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் நல்ல மேலாளர்களானார்கள். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் அதிகம் பயன்பட்டது.

உள்ளே இருப்பவரை உயர்த்துவதில் உள்ள பலம் பெரிது. வாடிக்கையாளர் யார் யார், யாருக்கு எதில் கோபம் வரும், எந்த வேலை எங்கே சிக்கும் என்று அவருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே வேலை நகரும். மற்றவர்களுக்கும் "நமக்கும் இங்கே ஒரு வளர்ச்சி உண்டு" என்ற நம்பிக்கை வரும். ஆகவே இந்த வழியைக் கைவிடச் சொல்லவில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலைத்தான் மாற்றச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் உங்கள் ஆட்கள் எழுந்து யார் மேஜைக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். அவர் பதிலைச் சொல்லி அனுப்புகிறாரா, "நீ என்ன செஞ்சு பாத்த?" என்று கேட்கிறாரா என்றும் கவனியுங்கள். பதவி கொடுப்பதற்கு முன்பே அந்த வேலையைப் பாதி செய்துகொண்டிருக்கும் ஒருவர் பல குழுக்களில் இருப்பார். பெரும்பாலும் அவர் முதல் இடத்தில் இருக்கும் பணியாளராக இருக்க மாட்டார்.

அடுத்தது இறங்கி வரும் படி. மூன்று மாதம் பொறுப்பு லீடர் என்று சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் அப்படியே இருக்கட்டும். அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் தனியாக ஒரு படித்தொகை. முடிவில் நீங்களும் வேண்டாம் என்று சொல்லலாம், அவரும் சொல்லலாம். இரண்டில் எது நடந்தாலும் பழைய இடம் பழைய மரியாதையோடு அப்படியே இருக்கும். இதை ஒரு தாளில் எழுதி, அவருக்கு மட்டுமல்ல, முழுக் குழுவுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருந்தால், திரும்பி வருவது தோல்வியாகத் தெரியாது. என் நான்கு வருட ஆளுக்கு இந்த ஒரு தாளை எழுதிக் கொடுத்திருந்தால் அவர் இன்றும் இங்கே இருந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கைதேர்ந்தவரின் சம்பள உயர்வை லீடர் பதவியோடு முடிச்சுப் போடாதீர்கள். நுணுக்கமான வேலை செய்பவர் லீடராகாமலே லீடருக்கு இணையாகச் சம்பாதிக்க ஒரு பாதை இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில், விருப்பமே இல்லாதவர்களும் பணத்துக்காகத் தலையாட்டிவிடுவார்கள். குடும்பம் நடத்துகிறவர்களை நாம் அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

வெளியிலிருந்து எடுப்பது

உள்ளே பார்த்தால் யாரும் தேறவில்லை, அல்லது தேறிய இருவருக்கும் ஒருவரையொருவர் ஆகாது. பத்துப் பேர் நாற்பது பேராகும்போது என்னவெல்லாம் உடையும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட நிலையில் வெளியிலிருந்து எடுப்பதுதான் சரி. ஆனால் விலை தெரிந்து எடுக்க வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலையைச் சேர்ந்த வார்ட்டன் வணிகப் பள்ளியின் பேராசிரியர் மேத்யூ பிட்வெல் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு முதலீட்டு வங்கியில் 2003 முதல் 2009 வரை உள்ளிருந்து உயர்ந்தவர்களையும் வெளியிலிருந்து வந்தவர்களையும் ஒப்பிட்டது. ஒரே மாதிரியான பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 18 சதவீதம் அளவுக்கு அதிகச் சம்பளம் பெற்றார்கள். படிப்பும் அனுபவமும் காகிதத்தில் அவர்களுக்கே அதிகம். இருந்தும் முதல் இரண்டு வருடம் மதிப்பீட்டில் பின்தங்கினார்கள். வேலையை விட்டுப் போனவர்களும் அனுப்பப்பட்டவர்களும் அவர்களில்தான் அதிகம். இரண்டு வருடத்தைத் தாண்டி நிலைத்தவர்கள் பிறகு வேகமாக உயர்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆக, இந்த வழியில் போவதென்றால் பொறுத்திருக்கத் தெம்பு வேண்டும். மூன்றே மாதத்தில் எல்லாம் மாறிவிட வேண்டும் என்றால் இது உங்களுக்கான வழி இல்லை.

திறமைசாலி இடம் மாறினால் ஏன் தடுமாறுகிறார்? ஹார்வர்டின் போரிஸ் க்ராய்ஸ்பெர்க் 1,000-க்கும் மேற்பட்ட வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தை ஆய்வாளர்களைத் தொடர்ந்து பார்த்தார். எல்லோரும் துறையில் நட்சத்திரங்கள். நிறுவனம் மாறியவர்களில் 46 சதவீதம் பேர் அடுத்த வருடமே சறுக்கினார்கள். தங்கள் பழைய சகாக்களையும் கூட்டிக்கொண்டு மாறியவர்கள் அவ்வளவாகச் சறுக்கவில்லை. ஒருவருடைய திறமை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு அவரைச் சுற்றி இருந்தவர்களிடம் இருக்கிறது. பெரிய நிறுவனத்திலிருந்து வருபவருக்கு அங்கே ஆள் எடுத்துத் தர ஒரு பிரிவு, கணக்கு எடுத்துத் தர ஒரு பிரிவு, சிக்கல் வந்தால் கேட்க மேலே ஒருவர் என்று எல்லாம் இருந்திருக்கும். வளரும் நிறுவனத்தில் அவரே நாற்காலி போட்டு அவரே உட்கார வேண்டும்.

அதனால் நேர்காணலில் நான் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி: "பழைய இடத்தில் உங்களுக்காக யார் யார் என்னென்ன செய்து கொடுத்தார்கள்?" தயங்காமல் நான்கு பேரைச் சொல்லி, அவர்கள் செய்ததையும் சொல்பவர் தன் வேலையின் அளவு தெரிந்தவர். "எல்லாம் நான்தான் பார்த்தேன்" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நேர்காணலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022-இல், வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறைகள் பற்றிப் பல பத்தாண்டுகளாக வந்த ஆய்வுகளை மறுபடி எடைபோட்டார்கள். பின்னால் வேலையில் எப்படி இருப்பார் என்பதை ஒரு தேர்வு முறை எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறது என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் அளவு. எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, முன்பே எழுதி வைத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42. மனம் போன போக்கில் உரையாடுவதற்கு 0.19. எத்தனை வருட அனுபவம் என்ற எண்ணிக்கையோ 0.1-ஐக்கூட எட்டவில்லை. "குறைந்தது பத்து வருட அனுபவம்" என்று நாம் விளம்பரத்தில் முதல் வரியாகப் போடுவது ஏறக்குறைய எதையுமே சொல்லாத ஓர் எண்ணை.

கேள்விகளோடு ஒரு சின்ன நடிப்பும் வையுங்கள். நான் வைப்பது இது: "இவர் உங்கள் குழுவில் இருக்கிறார். மூன்று வாரமாக வேலையைத் தாமதமாகத் தருகிறார். போன மாதம்வரை நன்றாகச் செய்தவர். இப்போது அவரோடு பேசுங்கள்." எங்கள் ஊழியர் ஒருவர் எதிரே உட்காருவார். ஒருவர் வந்ததும் விதிமுறைகளைச் சொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர் "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மூன்றாவதாக வந்த பெண்மணி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "போன மாசம் வரைக்கும் நல்லா போயிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் என்ன மாறிச்சு?" என்றார். எதிரே இருந்தவர் நடிப்பதை மறந்து உண்மையிலேயே யோசிக்க ஆரம்பித்தார். அந்தப் பெண்மணி கடைசியில், "வெள்ளிக்கிழமைக்குள்ள எது முடியும், எது முடியாதுன்னு நீங்களே எழுதிக் கொடுங்க" என்று நாளும் குறித்துவிட்டார். பேசியது ஆறு நிமிடம் இருக்கும். அவருடைய விண்ணப்பத்தில் இருந்த இரண்டு பக்கத்தைவிட அது எனக்கு அதிகம் சொன்னது. அவரைத்தான் எடுத்தோம்.

பழைய மேலாளரிடம் விசாரிப்பது வழக்கம். அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவரிடம் பேச முடிந்தால் அதைவிட நல்லது.

இந்த வழி சரிப்படாவிட்டால் இழப்பு என்ன? சம்பளமும் மாதங்களும் போகும். அதைவிட, "வெளியாளைக் கொண்டுவந்து நம்மை ஒதுக்கிவிட்டார்கள்" என்று உள்ளே இருந்து எதிர்பார்த்தவர் மனம் கசந்து போயிருப்பார். வெளியாள் கிளம்புவதற்கு முன்பே அவர் கிளம்பிவிடுவதும் நடக்கும். தகுதிகாண் காலம் என்ற ஒன்று இருப்பதால் வந்தவரை அனுப்புவது எளிது. போனவரைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கடினம்.

லீடரே வேண்டாம் என்றால்?

இந்த யோசனை எனக்குப் பிடித்தமானது. எல்லோரும் பொறுப்புள்ளவர்கள், எல்லோரும் சமம், வாரம் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இது எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குக் கூகுளே சாட்சி. 2002-இல் அங்கே பொறியியல் மேலாளர்கள் எல்லோரையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சில மாதங்கள்தான் தாங்கியது. செலவுக் கணக்குக்கு ஒப்புதல் கேட்டும், இருவருக்குள் மனத்தாங்கல் என்று சொல்லியும் ஊழியர்கள் நேராக நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜிடமே போக ஆரம்பித்தார்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் நின்ற அதே வரிசை. சில வருடம் கழித்து, நல்ல மேலாளர் என்றால் யார் என்று அதே நிறுவனம் தன் ஊழியர்களின் மதிப்பீடுகளை வைத்தே ஆராய்ந்தது. எட்டுப் பண்புகள் வந்தன. நன்றாகப் பயிற்றுவிப்பவர் என்பது முதலில் இருந்தது. தொழில்நுட்பத் திறமை எட்டாவதாக இருந்தது.

சுழற்சி முறையில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது; அதுதான் அதில் உள்ள ஆபத்து. யாரும் ராஜினாமா செய்ய மாட்டார்கள். கடினமான பேச்சுகள் மட்டும் அடுத்த வாரக்காரருக்குத் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு பயன் உண்டு: யாருக்கு இந்த வேலை வரும் என்று தெரிந்துகொள்ள இரண்டு மாதச் சுழற்சி நல்ல வழி. அதற்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அனுபவசாலியைச் சில மாதங்களுக்கு மட்டும் அமர்த்துவது, வேலை முறைகளை எழுதி ஒழுங்கு செய்ய நன்றாக உதவும். அன்றாடச் சச்சரவுகளுக்கு உதவாது, அவர் போகப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டுப் பேருக்குள் இருக்கிறீர்கள் என்றால் எதுவும் வேண்டாம். வேலைகளை யார், எப்போது என்று கண்காணிக்க ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்துக்கொண்டு நீங்களே லீடராக இருங்கள். அதைத் தாண்டி, பதினைந்து பேர்வரை, எல்லோரும் தேடிப் போகும் ஒருவர் உள்ளே இருந்தால் மூன்று மாத ஏற்பாட்டோடு அவர்தான் என் முதல் தேர்வு. அப்படி ஒருவர் இல்லையென்றால், இருப்பவரில் கெட்டிக்காரரைப் பிடித்து உட்கார வைக்காமல் வெளியே தேடுங்கள்.

யார் வந்தாலும்

எந்த வழியில் ஆள் வந்தாலும் அதைக் கெடுப்பதற்கு ஒரே ஒருவரால் முடியும், அது முதலாளி. லீடரைத் தாண்டி ஒருவர் உங்களிடம் வந்து கேட்பார். பதில் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். சொல்லிவிட்டால் அன்றோடு அவர் பெயரளவுக்கு லீடர். "அவங்ககிட்ட கேட்டாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். முதல் மாதம் இது வறட்டுப் பிடிவாதம் போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கூடவே, எதையெல்லாம் உங்களைக் கேட்காமலே அவர் முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள்: விடுப்பு, வேலை வரிசை, எந்தத் தொகைவரை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரலாம், புதிய ஆளை எடுக்கும்போது அவர் சொல்லுக்கு என்ன எடை. எழுதிக் கொடுக்காத அதிகாரத்தை நல்ல மனிதர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்கவும் கூச்சப்படுவார்கள்.

அந்தப் பெண்மணியை எடுப்பதென்று முடிவானதும், அறிவிப்பதற்கு முந்தைய நாள், எதிர்பார்த்துக் காத்திருந்த எங்கள் மூத்த ஊழியர் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டேன். இன்னார் வருகிறார், உங்களை ஏன் எடுக்கவில்லை என்றால் இந்தக் காரணத்தால், உங்கள் சம்பளப் பாதை இனி இப்படி என்று சொன்னேன். அவர் முகம் வாடித்தான் போனது. சற்று நேரம் கழித்து, "நாளைக்கு எல்லார் கூடவும் உட்கார்ந்து கேட்டிருந்தா ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும் சார்" என்றார். புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர்தான்.